சேர்ந்துவிட்டது

மணவாளன் அலுவலகத்துக்கு வந்த அன்று இந்துஜாவின் மேஜையில் நாற்பத்து மூன்று கைபேசிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, பக்கத்தில் நிற்கும் காரோடு இணைத்து, கார் சொல்வது அதற்குப் புரிகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. புரிந்தால் பட்டியலில் இருக்கும். புரியாவிட்டால் நீக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளிவரும் அந்தப் பட்டியலின் அடியில் அவளுடைய கையெழுத்து இருக்கும்.

வேழம் மோட்டார்ஸ் கோயம்புத்தூருக்கு வெளியே, அவினாசி சாலையில் இருந்தது. பாதி தூரம் மின்சாரத்திலும் மீதி தூரம் பெட்ரோலிலும் ஓடும் கார்களை அவர்கள் செய்தார்கள். ராத்திரி வீட்டில் பிளக்கைச் செருகிவிட்டால் மறுநாள் ஐம்பது அறுபது கிலோமீட்டர் சத்தமே இல்லாமல் ஓடும். அதற்கு மேல் போனால் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மக்கள் அந்தக் காரை வாங்கியது அதற்காக மட்டும் அல்ல. ‘உறுதுணை’ என்ற வசதிக்காகவும் வாங்கினார்கள். ஸ்டியரிங்கும் இருக்கையும் ஓட்டுபவரின் நாடியையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே வரும். ஏதாவது சரியில்லை என்றால், வீட்டில் இருக்கும் ஒருவரின் கைபேசிக்குச் சொல்லிவிடும்.

வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். “உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காரு மேடம். முன்கூட்டிச் சொல்லிட்டு வரலை. கண்ணு தெரியாதவரு. போன் பட்டியல் போடறவங்ககிட்டத்தான் பேசுவேன்னு உக்காந்திருக்காரு.”

மணவாளனுக்கு ஐம்பத்தாறு வயது. வெளுத்த அரைக்கைச் சட்டை, மடக்கிய வெள்ளைக் கோல். பொள்ளாச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இப்போதெல்லாம் யாரும் செய்யாத ரகம். கீழ்ப்பாதியில் புடைத்த பொத்தான்கள் இருந்தன.

“இந்த போன் உங்க காரோட பேசுமாங்க அம்மணி?”

இந்துஜா கையில் எடுத்துப் பார்த்தாள். “இது ரொம்பப் பழைய மாடல் சார். போன தை மாசத்தோட பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு.”

“யாருகிட்டச் சொன்னீங்க, எடுத்தாச்சுன்னு?”

“போனுக்கே அறிவிப்பு வந்திருக்கும் சார்.”

“என்னன்னு வந்திருக்கும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அவள் கணினியில் தேடி அந்த அறிவிப்பைத் திறந்தாள். நீல வானம், மலைப்பாதை, ஒரு வெள்ளைக் கார். அதன்மேல் அழகான எழுத்துகளில், ‘உங்கள் கைபேசி இனி உறுதுணையைப் பெறாது. புதிய கைபேசிக்கு மாறுங்கள்.’ கீழே ஒரு பொத்தான். ‘சம்மதம்.’ எழுத்துகள் எல்லாம் படத்துக்குள் இருந்தன. கண் தெரியாதவர்களுக்காகத் திரையை வாய்விட்டுப் படிக்கும் குரலால் படத்துக்குள் இருப்பதைப் படிக்க முடியாது.

அவள் படித்துக் காட்டுவதற்குள் அவரே சொன்னார். “‘படம். பொத்தான்.’ அப்படித்தான் படிச்சுது. எனக்கு ஞாபகம் இருக்குது. பொத்தானை அமுக்கினேன். அமுக்கினாத்தானே அடுத்ததுக்குப் போக முடியும்?”

“சார், நீங்க வேற போன்…”

“புது போன்ல பொத்தான் எங்கீங்க இருக்குது? கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்குது. எனக்கு இதுதான் கை பழகினது.” கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். “எம்பட சம்சாரம் தவமணி. மாட்டு டாக்டர். ஆனமலை, சேத்துமடை, கோட்டூர்னு தினமும் அலையற வேலை. உங்க காரைத்தான் ஓட்டினா. ஆவணி மாசம் ஒரு நா மத்தியானம், சேத்துமடையில ஒரு மாட்டைப் பாத்துட்டுத் திரும்பி வரையில, வழியில காருக்குள்ளயே போயிட்டா. நெஞ்சு.”

இந்துஜா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார்.

“நான் சண்டை போட வரலீங்க. காரு வாங்கையில ஷோரூம்ல எம்பட போனுல ஒரு சோதனை பண்ணிக் காட்டினாங்க. நல்லாப் படிச்சுது. ‘அது பேசாம இருந்தா மேடம் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம் சார்’னு சொன்னாங்க. அது பேசவே இல்லை. நானும் நல்லா இருக்கான்னுதான் இருந்தேன். அந்தக் காரு எனக்கு ஏதாச்சும் சொல்லுச்சா இல்லையான்னு தெரியோணும். அவ்வளவுதான்.”

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வகுப்பில் பையன்களைக் கேட்பதுபோல, பதிலுக்கு நேரம் கொடுத்துக் கேட்டார்.

“அவ நெஞ்சு சரியில்லைன்னு காருக்குத் தெரியுமில்லீங்க. அதை அவகிட்டயே சொன்னா என்ன?”

“ஓட்டறவங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு விதி சார். பதறிட்டா விபத்தாயிடும். அதனாலதான் வீட்ல ஒருத்தருக்குச் சொல்றோம். ரொம்ப ஆபத்துன்னு காரே ஓரமா ஒதுங்கி நின்னா மட்டும்தான் ஓட்டறவங்ககிட்டப் பேசும்.”

“ஆம்புலன்சுக்கு?”

“மொதல் வருஷம் நேரா ஆம்புலன்சுக்குத்தான் போய்ட்டிருந்தது. ஒருத்தர் காருக்குள்ள உக்காந்து அழுதா அதுக்கும் போயிடும். பாதிக்கு மேல வெட்டி அலைச்சல். ஆம்புலன்ஸ்காரங்க ஒத்துக்கலை. அதனால மொதல்ல வீட்டு போனுக்குப் போகும். சேர்ந்துட்டா, ஆம்புலன்சைக் கூப்பிடறதா வேண்டாமான்னு வீட்ல இருக்கறவங்க முடிவு. ரெண்டு நிமிஷத்துல சேரலைன்னா மட்டும் கார் தானாவே ஆம்புலன்சைக் கூப்பிடும்.”

அவர் சற்று யோசித்தார். “எனக்குத்தான் சேரலையே. அப்ப ரெண்டு நிமிசத்துல ஆம்புலன்ஸ் போயிருக்கோணுமில்லீங்க?”

“ஆமா சார்.”

“போகலையே.”

இந்துஜா ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி அவருடைய முகவரியை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை கூடப் போனாள். பேருந்து நிறுத்தம் எத்தனை அடி என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவர் கோலை விரித்தார்.

திரும்பி வந்து அந்தக் காரின் பதிவேட்டைத் திறந்தாள். ஆவணி மாதத்து அந்த நாள். மதியம் பன்னிரண்டு நாற்பத்து மூன்று. மணவாளனின் கைபேசிக்குச் செய்தி. அதற்கு நேராகப் பச்சை எழுத்தில் ஒரே சொல்: சேர்ந்தது.

எப்படி என்று அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பழைய கைபேசிக்கு ஒரு செய்தி போனால், கைபேசி அதை வாங்கிக்கொள்ளும். ‘வந்தது’ என்று காருக்குப் பதிலும் அனுப்பிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் பழைய செயலிக்கு அந்தச் செய்தி புரியாது. ஒரு முறை அதிர்ந்துவிட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடும். கார், வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டது, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக் காத்திருக்கும்.

தை மாதச் சோதனை அறிக்கையில் பதினான்காவது வரியாக இதை அவளே எழுதியிருந்தாள். பக்கத்தில் ‘உயர் ஆபத்து’ என்று போட்டிருந்தாள். மேலாளர் ஹரிபாஸ்கர் அறிக்கையோடு அவள் இடத்துக்கே வந்தார்.

“எத்தனை பேர் இந்தப் பழைய போனை வெச்சிருக்காங்க?”

“ரெண்டாயிரத்து இருநூறு பேர் இருப்பாங்க.”

“ஓடற கார் மூணு லட்சம். ஒரு சதவீதம்கூட வரலையே இந்துஜா. இதை ‘உயர்’னு விட்டா மொத்தப் பட்டியலும் நிக்கும். அறிவிப்பு அனுப்பறோம்ல, எல்லாரும் மாத்திக்குவாங்க. ‘தாழ்வு’ன்னு போடு. அடுத்த சுத்துல சரி பண்ணிக்கலாம்.”

அவர் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அவளுக்கு அன்று தலைவலி. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ‘உயர்’ என்பதை அழித்துவிட்டு ‘தாழ்வு’ என்று எழுதினாள். அடுத்த சுற்றில் வேறு வேலைகள் வந்தன.

பதிவேட்டில் பின்னோக்கிப் போனாள். அந்த ஒரு செய்தி மட்டும் இல்லை. தை முதல் ஆவணி வரை மொத்தம் முப்பத்தொன்று. ‘தவமணியின் நாடித்துடிப்பு சீராக இல்லை. மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.’ ‘தவமணிக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.’ ஏழு மாதம் அந்தக் கார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் நேராகச் ‘சேர்ந்தது’.

கடைசி நாளின் பதிவு தனியாக இருந்தது. பன்னிரண்டு நாற்பத்து ஒன்றுக்கு நாடி தடுமாறியது. கார் தானே வேகத்தைக் குறைத்துச் சாலையோரம் ஒதுங்கி நின்றது. நாற்பத்து மூன்றுக்குச் செய்தி போனது. ஓட்டுபவரிடம் கார் சொன்னது: ‘உங்கள் வீட்டுக்குத் தகவல் சேர்ந்துவிட்டது. உதவி வரும்.’ நாற்பத்து ஏழுக்கு ஓட்டுபவர் தன் குரலில் ஒரு செய்தி பேசியிருக்கிறார். நாற்பது விநாடி. அனுப்பப்பட்டது, சேர்ந்தது. ஒன்று ஐந்துக்கு நாடி நின்றது.

அரசு மருத்துவமனை அந்த இடத்திலிருந்து ஒன்பது நிமிடத் தொலைவில் இருந்தது.

அதற்குப் பிறகும் பதிவு ஓடியது. கார் குளிர்சாதனத்தை நிறுத்தவில்லை. உள்ளே ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். மின்கலத்தில் இருந்ததையெல்லாம் செலவழித்துத் தவமணியைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது. இரண்டு ஐம்பதுக்கு மின்சாரம் தீர்ந்து, பெட்ரோல் எஞ்சின் பிடித்தது. அதுவரை அந்தப் பக்கம் போனவர்கள், யாரோ வண்டியை நிறுத்தித் தூங்குகிறார்கள் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், நின்ற வண்டியில் திடீரென்று எஞ்சின் சத்தம் கேட்டதும்தான் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இந்துஜா ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்த நாற்பது விநாடியை ஒரு முறை கேட்டாள். கேட்டு முடித்ததும் மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதில் என்ன இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஹரிபாஸ்கரிடம் போனாள். சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும், நீ அந்த ஆளோடு பேசக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறினாள்.

மகாலிங்கபுரத்தில் சின்ன வீடு. மணவாளனே காபி போட்டுக் கொண்டுவந்து, டம்ளரை அவள் கைக்கு நேராக நீட்டினார். கார் வெளியே தகரக் கொட்டகையில் நின்றது. அடுப்படி அலமாரியில் மாட்டு ஊசி மருந்துகள் அப்படியே இருந்தன.

“குடிச்சுட்டுச் சொல்லுங்க,” என்றார்.

அவள் குடிக்காமலே சொன்னாள். பதினான்காவது வரியை, ஹரிபாஸ்கர் கேட்டதை, தலைவலியை, ‘உயர்’ என்பதை அழித்ததை. எதையும் குறைக்கவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பப்போ ஒரு தடவை அதிருங்க,” என்றார். “எடுத்துக் காதுல வெச்சாப் பேசாது. ஏதோ விளம்பரம்னு வெச்சுடுவேன். அன்னிக்கும் அதிர்ந்துச்சு. பத்தாம் வகுப்புல பாடம் நடத்திட்டிருந்தேன். எடுத்துக் கேட்டேன். ஒண்ணுமில்லை. பையில போட்டுட்டேன்.” சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என்ன சொல்லுச்சுன்னு படிங்க. எல்லாத்தையும் படிங்க.”

எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்து அவள் படித்தாள். தேதியையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு தேதிக்கும் அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது. “அன்னிக்குக் கோமங்கலத்துல ஒரு எருமைக்கு ராவெல்லாம் கன்னு விழாமக் கெடந்துச்சு. விடிஞ்சுதான் வந்தா.” “அது எங்க கல்யாண நாளு. பாலாறு போயிட்டு வந்தோம். கரையேற முடியலைன்னு உக்காந்துட்டா. வயசாச்சுன்னு கேலி பண்ணினேன்.” “அன்னிக்கு அவளுக்கு இடது கை வலிச்சுது. மாட்டைப் புடிச்சு இழுத்ததுன்னா. நான்தான் எண்ணெய் தேச்சுவிட்டேன்.” பதினேழாவது செய்திக்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தவும் விடவில்லை.

முப்பதைப் படித்து முடித்துவிட்டு அவள் தாளை மடித்தாள்.

“அன்னிக்கு மத்தியானம் வந்தது?”

“‘தவமணிக்கு உடனடி உதவி தேவை.’ அவ்வளவுதான் சார்.”

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியது. “கஷ்டப்பட்டாளாங்க?”

இந்துஜா இந்தக் கேள்விக்காகப் பேருந்தில் இரண்டு மணி நேரம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். உண்மையைத்தான் சொல்வதாக இருந்தாள்.

“இல்லை சார். வண்டி ஓரமா நின்னப்பவே போயிட்டாங்க. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

மணவாளன் மெல்ல மூச்சை விட்டார். தோள்கள் தளர்ந்தன. “அப்ப அன்னிக்கு எனக்குச் சேந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்களா?”

“முடியாது சார்.”

“சரி,” என்றார். “சரிங்க அம்மணி. அது ஒண்ணு போதும்.”

காபி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. அதை அவள் முழுவதும் குடித்தாள். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்காகச் சொன்ன பொய் அவளையும் விடுவித்துவிட்டது. அந்தக் கடைசி இருபத்திரண்டு நிமிடத்துக்கு இப்போது யாரும் பொறுப்பு இல்லை.

அதனால்தான் அவள் அந்தக் கடிதத்தை எழுதினாள் என்று சொல்லலாம். போக்குவரத்துத் துறையில் கார்களின் பாதுகாப்பைப் பரிசோதிக்கும் அலுவலகத்துக்கு ஒன்பது பக்கம். பதினான்காவது வரியின் நகலை இணைத்து, ‘உயர்’ என்பதை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே வேலை போயிற்று. காந்திபுரத்தில் ஒரு கைபேசி பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தாள். விசாரணைக்கு நான்கு முறை சென்னைக்குப் போய்வந்தாள். அங்கே ஹரிபாஸ்கர் அவளைப் பார்த்து, “நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்?” என்று வருத்தமாகவே கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

சித்திரையில் உத்தரவு வந்தது. செய்தியைப் படித்துக் காட்ட முடியாத கைபேசி ‘சேர்ந்தது’ என்று இனிப் பதில் அனுப்பக் கூடாது. பழைய கைபேசிக்காரர்களுக்கும் உறுதுணை தொடர வேண்டும். இதுவரை தொலைந்துபோன செய்திகள் அனைத்தும் உரியவர்களிடம் கொண்டுசேர்க்கப்பட வேண்டும்.

கடைசி வாக்கியம் அவள் எழுதியதுதான். கடிதத்தின் ஒன்பதாம் பக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்திருந்தார்கள். எழுதும்போது அவள் நினைத்தது மற்ற இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை. நெஞ்சு சரியில்லாமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அவர்கள் வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருப்பவர்கள். அது பலித்தது. அந்த வாரம் தஞ்சாவூரில் ஒருவர், ஓசூரில் இரண்டு பேர், செய்தியைப் பார்த்துப் பயந்து மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்தார்கள். செய்தித்தாளில் வந்திருந்தது. கடைக்காரர் அதை அவளிடம் காட்டி, “நீ பண்ணினதும்மா இது,” என்றார்.

அவள் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி நின்றாள். மணவாளனுக்கு எந்தெந்தச் செய்தியெல்லாம் போயிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த நேரம் அவள் கைபேசி அடித்தது. பொள்ளாச்சி எண்.

“அம்மணி, மணவாளன் பேசறேன்.” பின்னால் பள்ளி மைதானத்தின் இரைச்சல் கேட்டது. “போன் பேசுதுங்க. காத்தாலயிருந்து ஒண்ணொண்ணா வந்துட்டே இருக்குது. நீங்க படிச்சதேதான். முப்பது. அப்புறம் அன்னிக்கு மத்தியானத்தோடது.”

“சார்…”

“அதுக்கப்புறம் இன்னொண்ணு வந்துச்சுங்க.”

அவள் கடையின் கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கறீங்களா? நீங்க ஏற்கெனவே கேட்டிருப்பீங்க.”

ஒரு பொத்தான் அமுங்கும் சத்தம். பிறகு தவமணியின் குரல். மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் பயமில்லாமல் வந்தது.

‘ஏனுங்க. காரு சொல்லுது, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. ஆஸ்பத்திரிக்கு இந்நேரம் சொல்லியிருப்பீங்க. நான் சேத்துமடை ரோட்டுலதான் இருக்கறேன். பதறிட்டுத் தனியா ஓடியாராதீங்க… இந்த ரோட்டுல லாரி சாஸ்தி. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க. அவசரம் இல்லை… நான் இங்கயேதான் இருக்கறேன்.’

மைதானத்து இரைச்சல் மறுபடியும் கேட்டது. பையன்கள் யாரையோ பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“உடனே போகலீங்களே,” என்றார் மணவாளன். “எத்தனை நேரம் இருந்தா?”

“இருபத்திரண்டு நிமிஷம் சார்.”

“இருபத்திரண்டு.” அந்த எண்ணை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “எனக்கோசரம் மறைச்சீங்களா, உங்களுக்கோசரம் மறைச்சீங்களா?”

“தெரியலை சார். அன்னிக்கு உங்களுக்காகத்தான்னு நெனச்சேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

“ஆறு மாசமா நிம்மதியாத் தூங்கினேங்க,” என்றார். “அவளுக்கு ஒண்ணும் தெரியலை, நான் போயிருந்தாலும் ஆகியிருக்காதுன்னு. அவ என்னடான்னா நான் வந்துட்டிருக்கறேன்னு நெனச்சுட்டு வழியைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. நான் பானிப்பட் யுத்தம் நடத்திட்டிருந்தேன்.” குரல் உடைந்தது. “நாளைக்குச் சனிக்கிழமை. வர முடியுங்களா?”

மறுநாள் பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தாள். அவர் வந்ததும் சேத்துமடைப் பேருந்தில் ஏறினார்கள். பதிவேட்டில் இருந்த இடக்குறிப்பு அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். நிறுத்தம் இல்லாத இடத்தில் ஓட்டுநரிடம் கெஞ்சி இறங்கினார்கள்.

இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. வெயில் நேராக மேலே நின்றது. சாலையோரத்தில் ஒரு கார் நிற்கிற அகலத்துக்கு மண் தரை, ஒரு மைல்கல், உலர்ந்த மட்டைகள். அவ்வளவுதான் இருந்தது.

“இங்கதானுங்களா?”

“இங்கதான் சார்.”

“எந்தப் பக்கம் பாத்து நின்னுது?”

“பொள்ளாச்சிப் பக்கம் சார்.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு லாரி காற்றை அறைந்துகொண்டு போனது. அடுத்து இன்னொன்று. இந்துஜா அவரை உள்பக்கமாக நகர்த்தப் போனாள். பிறகு தொடத் துணியாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் எதுக்கு சார்?” என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். “உங்க ஸ்கூல்ல யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். என்னை ஏன் கூட்டிட்டு வந்தீங்க?”

மணவாளன் கோலை மடக்கினார். கையை நீட்டித் தடவி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“தனியா வராதீங்கன்னு சொன்னாளே, கேட்டீங்கல்ல,” என்றார். “அவ அப்படிச் சொன்னது என்னைத் தவிர உங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியும்.”